இடம் மாறிய பம்ப்

பந்தலூரில் தேயிலை வைத்திருப்பவர்களுக்கு மண்ணின் பி.எச். அளவு மனப்பாடம். 4.5-க்கும் 5.5-க்கும் நடுவே இருந்தால் செடிக்கு நல்லது. அதற்கும் கீழே போனால் புளிப்பு கூடிவிட்டது என்று டோலமைட் தூவுவார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடம்புச் செல்களிலும் ஏறத்தாழ அதே புளிப்புள்ள நுண்ணிய பைகள் இருக்கின்றன. லைசோசோம் என்று பெயர். பழசாகிப்போன புரதங்கள் அங்கேதான் சிதைக்கப்படுகின்றன.

அந்தப் புளிப்பை உண்டாக்குவது வி-ஏடிபேஸ் என்னும் புரோட்டான் பம்ப். செல்லின் எரிபொருளான ஏடிபி தரும் ஆற்றலில் நிஜமாகவே சுழன்று, புரோட்டான்களைப் பைக்குள் தள்ளும் இயந்திரம் அது. பையின் சவ்வில் இருக்கும்வரை உடம்புக்கு நன்மைதான். சில மார்பகப் புற்றுச் செல்களிலோ அது செல்லின் வெளிச்சவ்வுக்கே வந்துவிடுகிறது.

2004-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ரவுல் மார்ட்டினஸ்-சாகிலான் குழுவினர் இருவகை மார்பகப் புற்றுச் செல்களை ஒப்பிட்டார்கள். எம்சிஎஃப்-7 அவ்வளவாகப் பரவாதது. எம்பி-231 வெகுவாகப் பரவக்கூடியது. வெளிச்சவ்வில் பம்ப் மிகுதியாக இருந்தது இரண்டாவதில்தான். பம்பை முடக்கும் வேதிப்பொருளைக் கொடுத்ததும் அதன் நகர்வு தளர்ந்தது. 2009-இல் பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபோர்காக் குழு இன்னும் நுணுகிப் பார்த்தது. இந்தப் பம்பின் ஒரு பாகம் மனித உடலில் நான்கு வடிவங்களில் உண்டு. அவற்றில் ஏ3, ஏ4 இரண்டில் எதை அடக்கினாலும் எம்பி-231 செல்களின் ஊடுருவும் திறன் குறைந்தது.

எப்படி? பம்ப் புரோட்டான்களை வெளியே தள்ளத் தள்ள, செல்லைச் சுற்றிலும் அமிலம் சேர்கிறது. அமிலத்தில் வீரியம் பெறும் கதெப்சின் நொதிகள், திசுவைக் கட்டிவைத்திருக்கும் நார்களை அரிக்கின்றன. வழி திறக்கிறது. அதே நேரத்தில் செல்லின் உட்புறம் காரத்தன்மை அடைகிறது. அதில் கோஃபிலின் என்ற புரதம் சுறுசுறுப்பாகி செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளை வெட்டி மாற்றியமைக்க, செல்லின் முன்விளிம்பு முன்னே நீள்கிறது. அமிலத்தை வெளியே தள்ள இன்னொரு காரணமும் உண்டு. புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும் என்பதை 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். அந்த அமிலத்தை வெளியேற்றாவிட்டால் செல்லே பிழைக்காது.

அப்படியானால் பம்பை அடைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் இதே பம்ப் வேண்டும். ஏ3 மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பழைய எலும்பு கரையாமல், எலும்பு மேன்மேலும் இறுகும் ஆஸ்டியோபெட்ரோசிஸ் நோய் வருகிறது. பம்பை முடக்கும் பாஃபிலோமைசின் போன்றவை சோதனைக்கூடத்தைத் தாண்டி மருந்தாகாததற்கு இந்த நச்சுத்தன்மையே காரணம். புற்றுச் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள பம்பை மட்டும் குறிவைப்பதே இப்போதைய தேடல்.

கடையில் வாங்கும் ‘கேஸ் மாத்திரை’ பான்டோபிரசோலும் புரோட்டான் பம்பைத் தடுப்பதுதான். ஆனால் அது இரைப்பையின் வேறொரு பம்பைத் தடுப்பதற்கானது. புற்றுநோய்க்கென்று யாரும் அதைத் தாமாக விழுங்கக் கூடாது.

இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். தொடக்கத்தில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கவில்லையே என்று நாள் தள்ளுகிறார்கள். செல்கள் இடம்பெயர அந்த நாட்களே போதும். கட்டி தட்டுப்பட்டதும் அரசு மருத்துவமனையில் காட்டலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.