நாய்க் கண்காட்சியின் சின்னச் சின்ன ஏமாற்றங்கள்

நாய்க் கண்காட்சியில் ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் உண்டு. அதற்கு மிக நெருக்கமாக இருக்கும் நாயே வெல்கிறது. இங்கிலாந்தில் நாய்களுக்கான ‘கென்னல் கிளப்’ அமைப்பு 1873இல் உருவானது. சார்லஸ் கிரஃப்ட் 1891இல் லண்டனில் தொடங்கிய ‘கிரஃப்ட்ஸ்’ கண்காட்சி, 1991 முதல் பர்மிங்ஹாமில் நடக்கிறது.

பல்வரிசை, உடற்கட்டு, ரோமம், நடை ஆகியவற்றை நடுவர் தொட்டும் பார்த்தும் சோதிப்பார். ஒரு நாய்க்குக் கிடைப்பது சில நிமிடங்களே. சிக்கலும் அங்கேதான். மாதக்கணக்கில் சீவிப் பராமரித்த ரோமம் போட்டி நெருங்கும்போது உதிரத் தொடங்கும். குட்டி ஈன்ற பெட்டை நாய்க்கு இது இயல்பு. வீட்டில் கம்பீரமாக நடக்கும் நாய், அரங்கின் இரைச்சலில் வாலைத் தாழ்த்தி ஒடுங்கும். அந்நியர் கை பட்டதும் பின்வாங்கும். நுழைவுக் கட்டணமோ முன்கூட்டியே கட்டியாகிவிட்டிருக்கும். ஒரு நடுவர் மெச்சிய நாயை இன்னொருவர் ஒதுக்குவதும் உண்டு. எழுதிய இலக்கணம் ஒன்றானாலும் அதற்கு அவரவர் கொள்ளும் பொருள் மாறுபடும்.

ரோமத்தையும் நடுவரின் தீர்ப்பையும் மாற்ற முடியாது. அச்சத்தைக் குறைக்க முடியும். பலர் தொடுவதற்கும் கூட்டத்தில் அமைதியாக நிற்பதற்கும் நாயைக் குட்டிப் பருவத்திலேயே பழக்க வேண்டும். அரங்கில் மிரண்ட நாயை அதட்டினால் அச்சம் இன்னும் கூடும்.