குழந்தைப் படிப்பும் யந்திரமும்



இன்று நான் பேசப் புகும் விஷயம், ஒன்றாவது இரண்டாவது வகுப்புக் குழந்தைகளின் படிப்புக்கு யந்திரங்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் உங்களுக்கு யந்திரத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த யந்திரம் வேலையைக் குறைக்கும், எது ஆளைக் குறைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதே கண்ணோடு பள்ளிக்கூடத்து யந்திரத்தையும் பாருங்கள் என்கிறேன்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாவதில் பேர் எழுதப்பட்ட குழந்தை, வகுப்பறையைக் கண்டதே இரண்டாவதில்தான். இடையில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது; வாஸ்தவம். ஆனால் வீட்டில் ஒரே செல்போன், அதுவும் தகப்பன் சட்டைப் பையில் ஷிப்டுக்குப் போய்விட்டால், கூலிக்காரன் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்? நம் பாட்டன்மாரை ஜாதியின் பேரால் எழுத்தண்டை விடவில்லை. பேரன் காசில்லாததால் வெளியே நிற்பதா?

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் "எண்ணும் எழுத்தும்" திட்டம். 2022 ஜூன் 13இல் நமது திருவள்ளூர் ஜில்லா அழிஞ்சிவாக்கம் பள்ளியில் அது துவக்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துச் சொல்லிக் கொடுப்பதும், பிள்ளையின் நிலையைச் செயலியில் பதிவதும் அதன் முறை. 2024இல் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் தரும் வேலையும், 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் வேலையும் துவங்கின. செய்ததைப் பாராட்டுவோம். ஆனால் திரையைச் சுவரில் மாட்டியதோடு காரியம் முடிந்ததென்றால், ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமே தவிர வேறு பிரயோஜனமில்லை.

யந்திரத்தால் ஆவது என்ன? ல, ள, ழ மூன்றையும் பிள்ளை காதால் பிரித்தறிய வேண்டும். அதை நூறு தடவை கேட்டாலும், திரை சலிக்காமல் சொல்லும், பிரம்பை எடுக்காது. 2018 முதல் வந்த புதுப் பாடப் புத்தகங்களில் இருக்கும் கட்டக் குறியைச் செல்போனில் காட்டினால் பாடம் படமாய் ஓடும். இவை நல்ல உதவிகளே.

ஆகாதது என்ன? நூற்றேழு என்று சொன்னால் ஒரு பிள்ளை 1007 என்று எழுதுகிறது. செயலி தப்பு என்று குறித்துவிட்டுப் போகும். நல்ல உபாத்தியாயரோ, 100ஐயும் 7ஐயும் காதில் கேட்டபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது என்று கண்டுபிடிப்பார். பத்துப் பத்தாய்க் குச்சிக் கட்டு கட்டி, பத்துக் கட்டுகளும் ஏழு குச்சிகளும் எண்ண வைப்பார். அவரை அப்படி உட்கார விடாமல், விவரம் பதி, படம் ஏற்று என்று கைக்கணினியைக் குத்திக் கொண்டிருக்கச் செய்தால், யந்திரம் பிள்ளைக்கு உதவுகிறதா, மேலதிகாரியின் சிட்டாவுக்கு உதவுகிறதா? ஆசிரியர்கள் பலரும் சொல்லும் குறை இதுதான். அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட நான் தயாராயில்லை.

பிள்ளைக்குத் தகுந்தபடி கருவியைத் திருத்த வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. 1935இல் "குடி அரசு" லை, ணை, றா போன்ற எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிட்டது அதற்காகத்தானே? சர்க்கார் அதை ஒப்புக்கொள்ள 1978 வரை ஆயிற்று. அது வேறு கதை. 2007இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலிலும் அட்டையும் பாயும்தான் கருவி. மின்சாரம் வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. நம் ஜில்லாச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாய் வருகிறார்கள். மழைக்காலம் கழிந்து வந்து, கோடை முடியத் திரும்புகிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பிள்ளையின் படிப்பு அறுந்து போகிறது. சூளையண்டையிலேயே ஒடியா புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுத்த முயற்சிகள் இங்கே நடந்திருக்கின்றன. ஒடியா தெரிந்த உபாத்தியாயர் எல்லாச் சூளைக்கும் கிடைப்பாரா? இங்கேதான் யந்திரத்தின் யோக்கியதை தெரிய வேண்டும். தன் பாஷையில் கதையும் கணக்கும் கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் தமிழும் சொல்லிக் கொடுக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான் அங்கத்தினர். அதிலும் தாய்மார்களே அதிகம். அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: திரை வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? பழுதானால் யார் பார்ப்பது? என் பிள்ளை அரும்பிலேயே எத்தனை மாதமாய் நிற்கிறது, அதற்கு என்ன செய்தீர்கள்? சூளைப் பிள்ளைகளின் பேர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா?