'அலவ்' அழுத்துமுன் ஒரு நிமிடம்

(தோட்ட மாதர் கமிட்டிக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நாம் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். இன்று அதே தவறை நாமே போனில் செய்கிறோம்.

புதிய செயலி ஒன்றைப் போட்டதும் அது அனுமதி கேட்கும். போனில் உள்ள இலக்கங்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, குறுஞ்செய்திகளை வாசிக்கலாமா என்று கேட்கும். கேள்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். வேலைக்குப் போகும் அவசரத்தில் 'அலவ்' என்பதை அழுத்திவிடுகிறோம்.

நமது அங்கத்தவர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குக் காசில்லை. வட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தி, கடன் தரும் செயலி ஒன்றை இறக்கினார். கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தார். தவணை இரண்டு நாள் பிந்தியதும் கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பிக்கும், பிள்ளையின் ஆசிரியைக்கும், நமது தோட்டத் தலைவருக்கும் அழைப்புப் போனது. 'இவர் மோசடிக்காரி' என்று செய்தியும் போனது. வெட்கத்தில் அந்தச் சகோதரி ஒரு வாரம் மலைக்கே போகவில்லை.

அவர் கொடுத்த ஓர் அனுமதியில் நம் எல்லோருடைய இலக்கங்களும் போய்விட்டன. அதனால்தான் இதைச் சங்கத்தின் பிரச்சினையாகப் பேசுகிறோம்.

கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று கூகுள் தனது பிளே ஸ்டோரில் 2023 மே 31 முதல் தடை போட்டிருக்கிறது. இணைப்பாக அனுப்பப்படும் செயலிகள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. அவற்றை இறக்கவே வேண்டாம்.

இன்றிரவு வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். போனில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'அப்ஸ்' என்பதற்குள் போய், ஒவ்வொரு செயலியின் 'பெர்மிஷன்ஸ்' பகுதியையும் பாருங்கள். டோர்ச் லைட் செயலிக்கு உங்கள் இலக்கங்கள் எதற்கு? விளையாட்டுச் செயலிக்கு மைக் எதற்கு? தேவையில்லாததை 'டோன்ட் அலவ்' என்று மாற்றுங்கள். இருக்கும் இடத்தைக் கேட்டால், செயலியைப் பாவிக்கும்போது மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஏற்கெனவே எடுத்துச்சென்ற இலக்கங்கள், செயலியை அழித்தாலும் திரும்பி வராது.

கொடுத்த சம்மதத்தை மீளப்பெறும் உரிமை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. ஆனாலும் முதல் காவல் நம் கையில்தான் இருக்கிறது.

யாராவது மிரட்டினால் செய்திகளை அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டு தலைவரிடம் வாருங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்ய நாம் கூட வருவோம். கடன் வாங்குவது குற்றமில்லை. நாம் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் அவர்களுடைய பலம். அந்தப் பலத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.