கரையில் நின்றே அள்ளுவோம்



துப்புரவுப் பணிக்கு நாள் குறிக்கும் முன் திருவனந்தபுரத்தை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். 2024 ஜூலை 13 அன்று, ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டு நாள் கழித்தே உடல் கிடைத்தது. அவரை மூழ்கடித்ததில் நகரம் வீசியெறிந்த பிளாஸ்டிக்கிற்கும் பங்குண்டு.

ஆகவே நம்மில் எவரும் நீரில் இறங்கலாகாது. கரையில் கிடப்பதை மட்டும் அள்ளுவோம். மழை தொடங்கினால் பணியை நிறுத்திவிட வேண்டும். உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தொண்டு என்னும் பெயர் அதற்கு விலக்காகாது.

கண்ணாடிச் சில்லையும் ஊசியையும் இடுக்கியால் எடுத்துத் தடித்த டப்பாவில் இடுங்கள். சாக்கை உள்ளங்கையால் அமுக்கவே கூடாது. மருத்துவக் கழிவு தென்பட்டால் தொடாமல் நகராட்சிக்குத் தெரிவியுங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேறு புண்ணில் பட்டாலே எலிக்காய்ச்சல் தொற்றும். காலில் காயமுள்ள தோழர் பதிவேடு எழுதட்டும். காலணியும் கையுறையும் இல்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள், மாவட்டச் செயலாளரேயானாலும்.

புகைப்படத்திற்காகப் புது விளக்குமாறு பிடிப்போர் நாட்டில் ஏராளம். அவர்கள் குவித்த மூட்டைகளை மறுநாள் சுமப்பவர் தூய்மைப் பணியாளரே. ஆதலால் வண்டி எப்போது வரும், மூட்டைகளை எங்கே கொட்டும் என்பதை நகராட்சியிடம் முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். அது கிடைத்த பின்னரே துண்டறிக்கை அச்சுக்குப் போகட்டும்.