விசர் என்னும் சொல்லும் ஒரு நிமிடப் படமும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. சைவ உலகம் அதனை யோகர் சுவாமிகளின் ஊராகவே அறியும். 1964 ஆம் ஆண்டு பங்குனியில் சமாதியடையும் வரை, பல்லாண்டு காலம் அவர் அங்கே ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். நல்லூர்த் தேரடியில் அவரை ஆட்கொண்ட செல்லப்பா சுவாமிகளை அக்காலத்து மக்கள் எவ்வாறு அழைத்தனர் என்பதை நேயர்களிற் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். 'விசர்ச் செல்லப்பா' என்பதே ஊரார் அவருக்கு இட்ட பெயர். தமக்குத் தாமே பேசிக்கொண்டு தேரடியில் இருந்த ஒருவரைப்பற்றி ஊர் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

இக்கதையை நாம் இன்று பெருமையோடு சொல்லுகிறோம். சொல்லி முடித்த வாயினாலேயே அயல்வீட்டுப் பிள்ளையை 'விசரன்' என்கிறோம். மனநோயாளர் யாவரும் ஞானியர் என்று சொல்ல நான் வரவில்லை. அவ்வாறு சொல்வதும் ஒருவகைத் தட்டிக்கழித்தலே ஆகும். நோயுற்றவருக்கு வேண்டுவது பூசையன்று. மருந்தும், உறக்கமும், பக்கத்தில் இருந்து பேச ஒருவரும்.

என் இளமைக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். நன்றாகப் படித்தவர். வேலிக்கரையோடு எதையோ எண்ணிக்கொண்டு நடப்பார். பாடசாலை விட்டு வரும் சிறுவர்கள் அவரைக் கண்டதும் கூக்குரலிடுவார்கள் என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒருநாள் அவருடைய தாயார் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எங்களை ஏசவில்லை. மகனின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று படலையைச் சாத்தினார். அந்தப் படலைக்குள்ளே என்ன நடக்கிறது என்று அறிய அன்று எங்களுள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை.

படலைக்குள்ளே நடப்பதை இன்று ஓரளவு அறிவேன். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நாளில் மகன் பின்னறைக்கு அனுப்பப்படுகிறான். சாத்திரியாரிடமும் கோயிலுக்கும் போய் வந்து, மாதங்கள் பல கழிந்த பின்னரே வைத்தியரின் நினைவு வருகிறது. வைத்தியரிடம் போவதும் இருட்டிய பிறகுதான். 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்பது நம்மிடையே நெடுங்கால ஏச்சு. அவ்வைத்தியசாலை 2008 இல் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. பெயர்ப்பலகை மாறியதேயன்றி ஏச்சு மாறவில்லை.

பெயர் மாற்றத்தால் யாதும் பயனில்லை என்பது என் கருத்தன்று. யப்பானில் மனச்சிதைவு நோய்க்குப் 'பிளவுபட்ட மனத்தின் நோய்' என்று பொருள்படும் பெயர் முன்னர் வழங்கிற்று. நோயாளரின் குடும்பத்தார் அதனை மாற்றுமாறு வேண்டி நின்றனர். 2002 ஆம் ஆண்டு, 'ஒருங்கிணைவு குலைந்த நிலை' என்று பொருள்தரும் புதிய பெயர் ஏற்கப்பட்டது. அதன் பின்னர், நோயின் பெயரை நோயாளரிடமே வைத்தியர்கள் எடுத்துச் சொல்வது பெரிதும் அதிகரித்தது. அதுவரை சொல்லக் கூசிய வைத்தியர் பலர் இருந்தனர் என்பதுதானே இதன் பொருள்?

இனி இளைஞரிடம் வருவோம். உலகில் பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நம் பிள்ளைகள் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை பரீட்சையிலிருந்து பரீட்சைக்கு ஓடுகின்றவர்கள். போரைக் கண்ட பெற்றோரின் மௌனத்தினிடையே வளர்கின்றவர்கள். அவர்களின் கையிலுள்ள தொலைபேசியிலோ படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. வானொலியில் அமர்ந்து படத்தைப்பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆயினும் பேசத்தான் வேண்டும்.

கலிபோர்னியாவில் 2012 ஆம் ஆண்டு முதல் 'டிரெக்டிங் சேஞ்ச்' என்ற போட்டியொன்று நடைபெற்று வருகிறது. மனநலத்தைப்பற்றியும் தற்கொலைத் தடுப்பைப்பற்றியும் உயர்பாடசாலை மாணவர் அறுபது விநாடிப் படங்களை எடுத்து அனுப்புகின்றனர். சென்னையில் வைத்தியர் சாரதா மேனன் 1984 இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையமும், மனநோயைச் சூழ்ந்த வெட்கத்தைக் களைவதற்காகப் படவிழாவும் குறும்படப் போட்டியும் நடத்தியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இவ்வேலையை முதலில் மேற்கொண்டது நாடகம். போர் மூண்டிருந்த 1990களின் தொடக்கத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'அன்னை இட்ட தீ' மனவடுவையே பொருளாகக் கொண்டது. அக்காலத்தில் இங்கே கடமையாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரினால் வடுப்பட்ட மனங்களைப்பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். ஆகவே கொழும்புத்துறைப் பிள்ளைகள் கமராவைத் தூக்கினால், அது முன்னோர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாகவே அமையும்.

பத்துப் பிள்ளைகள் ஒரு விடுமுறைக் காலத்தில் இதனைச் செய்ய முற்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற்படம் எவ்வாறிருக்கும் என்பதை இப்பொழுதே சொல்லிவிடலாம். கலைந்த தலைமயிர், கிழிந்த சட்டை, காரணமற்ற சிரிப்பு, சோக இசை, முடிவில் ஒரு புத்திமதி. அதற்காகப் பிள்ளைகளை நோவதற்கில்லை. நாம் அவர்களுக்குக் காட்டிய படங்களையே அவர்கள் நமக்குத் திருப்பிக் காட்டுகிறார்கள். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த 'தெனாலி'யில், கண்டதற்கெல்லாம் அஞ்சும் ஈழத்தமிழராகக் கமல்ஹாசன் நடித்தார். அந்த அச்சத்தின் பின்னே போர் இருந்தது. ஆனால் அரங்கில் எழுந்தது பெரும்பாலும் சிரிப்பே.

ஆதலால் இரண்டாம் முறை எடுக்கும்போது ஆசிரியர் ஒரேயொரு வினாவைக் கேட்க வேண்டும்: கமரா எங்கே நிற்கிறது? ஒழுங்கையிலா, படலைக்கு உள்ளேயா?

உள்ளே போக வேண்டுமாயின் அங்கே இருப்பவற்றை அறிதல் வேண்டும். மருந்து எந்தப் பெட்டியில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது? விருந்தினர் வந்தால் தங்கை எந்தக் கதவைச் சாத்துகிறாள்? நித்திரையில்லாத இரவில் தாய் எத்தனை முறை எழுகிறாள்? இவற்றை அறிய வைத்தியரிடமும், தாதியரிடமும், குணமடைந்து வேலைக்குப் போய்வரும் ஒருவரிடமும் சென்று கேட்க வேண்டியிருக்கும். நோயிலிருந்து மீண்ட ஒருவரை நேரிற் சந்தித்துப் பேசுவதைப்போல வளர்ந்தோரின் தப்பெண்ணத்தைக் குறைப்பது பிறிதில்லை என்று இத்துறை ஆராய்ச்சியாளர் பலர் கண்டிருக்கின்றனர். ஒரு நிமிடப் படத்திற்கு ஒரு மாத விசாரணை தேவைப்படலாம். படம் சுமாராக அமைந்தாலும் அந்த மாதம் வீணாகாது. என்னைக் கேட்டால், போட்டியிற் பரிசு பெறுவதைவிட அந்த ஒரு மாதமே பெரிது என்பேன்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. பத்துப் பேரில் ஒருவருக்கு அது தன் வீட்டுக் கதையாக இருக்கும். தன் கதையாகவே இருத்தலும் கூடும். திரைக்கதையைப் பேசும்பொழுது திடீரென்று மௌனமாகிவிடும் பிள்ளையைக் கவனிக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 1926 என்னும் இலக்கத்தை அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தாரோடு பேசலாம் என்பதையும் முதல் நாளே பிள்ளைகள் யாவருக்கும் சொல்லிவைத்தல் நன்று.

தற்கொலையைக் கருவாகக் கொள்வோர் அதன் முறையைக் காட்டவே கூடாது. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். பின்னர் அத்தொகை பெரிதும் தாழ்ந்தது. கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டமையே அதற்கு முக்கிய காரணம். எட்டும் தூரத்தில் வழி இல்லாதபோது அந்த ஒரு வேளை கடந்துபோகிறது; உயிரும் தப்புகிறது. கடையில் நாம் அடைத்த வழியைத் திரையில் திறந்து வைப்பதா? திரைப்படம் எடுப்போருக்கென உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட கைந்நூலும் இதனையே வற்புறுத்துகிறது.

மெய்யான நோயாளரின் முகத்தையும் காட்டுதல் தகாது. நடிப்பதற்குத்தான் பத்துப் பேர் இருக்கிறார்களே!

படம் முடிந்தவுடன் அதனைக் கைத்தொலைபேசி வழியாக நாடெங்கும் அனுப்பிவிடும் அவசரம் பிள்ளைகளுக்கு உண்டாகும். சற்றுப் பொறுக்கச் சொல்ல வேண்டும். அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற இயலாது. தம் கதையைச் சொல்லி உதவியவர்களே முதலில் அதனைப் பார்க்க வேண்டியவர்கள். 'இந்த இடம் வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால், காட்சி எவ்வளவு அழகாக இருப்பினும் அதனை வெட்டிவிட வேண்டும். அதன் பின்னர் ஒரு மாலைப்பொழுதில் ஊர் வாசிகசாலையில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படத்தைக் காட்டலாம். முன்வரிசையில் அந்தத் தாய்மாருக்கென்று சில கதிரைகளை ஒதுக்கி வைக்கும்படி மட்டும் நான் கேட்டுக்கொள்வேன்.