எடை குறைய: அடுத்த இதழ் வரும் வரை நாலு காரியம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. வங்கியில் பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். எடையைக் குறைக்கப் பலமுறை முயன்று தோற்றவள். கடைசி முறை மட்டும் கொஞ்சம் ஜெயித்திருக்கிறேன். அதனால்தான் செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னார்.

வீட்டுக்கு உறவினர் வந்தால் நாம் எல்லோரும் கூட்டிப்போகும் இடம் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையில், ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரியத் தவம் செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். அதே பாறையில் கீழே ஒரு பூனையும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். பல வருடம் என் டயட் அந்தப் பூனையின் தவம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை கை தூக்கி நிற்பேன். சனிக்கிழமை ஈசிஆரில் பஃபே போர்டைப் பார்த்ததும் தவம் கலைந்துவிடும்.

ஒரு வருடம் ஜிம்முக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். போனது பதினேழு நாள். இன்னொரு முறை "ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று சோற்றை அடியோடு நிறுத்தினேன். நாலு கிலோ இறங்கியது. தீபாவளி முடிந்தபோது ஆறு கிலோ ஏறியிருந்தது.

பிறகு இரண்டு விஷயம் நடந்தது. திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் மலைக்குப் படியேறினேன். ஐந்நூறுக்கு மேல் படிகள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்த ஒரு அம்மா, "மெதுவா வாம்மா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் நான். அதனால் அந்த 6.2 என்னைத் தூங்கவிடவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை. பிஎம்ஐயிலும் நமக்கு 23-க்கு மேலே அதிக எடை, 25-க்கு மேலே உடல் பருமன் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மேலைநாட்டாருக்கு இந்த எல்லைகள் 25, 30. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றில் சேர்வதால், குறைந்த எடையிலேயே நமக்குத் தொல்லை தொடங்கிவிடுகிறது.

பயப்பட வேண்டாம். இதற்கு நல்ல சேதியும் சென்னையிலிருந்தே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி, தினமும் அரைமணி நேரம் நடந்த குழுவில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறு. நடந்தவர்களுடைய எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை! எடைமிஷின் முள் நகராதபோதும் அவர்கள் உடலுக்குள் நல்லது நடந்திருக்கிறது. நாமோ பத்து நாள் நடந்துவிட்டு முள் நகரவில்லை என்றால் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

எடையும் குறைந்தால் பலன் இன்னும் கூடும். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. அங்கே வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி. அவ்வளவுதான். அதற்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. கல்லூரிக்கால எடைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை.

ஆகவே, இலக்கை இப்படி வையுங்கள். ஐந்து முதல் ஏழு சதவீதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள். அதை ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் ஒட்டிவிடுங்கள். தினமும் பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல. "இன்று நான் செய்ய வேண்டியதைச் செய்தேனா" என்று மட்டும் பாருங்கள். எடை நம் கையில் இல்லை, நடப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த இதழ் வரும் வரை, அதாவது 90 நாளுக்கு, நாலே நாலு காரியம் சொல்கிறேன்.

முதல் காரியம், நடை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முழு அரைமணி கிடைக்காவிட்டால் காலையில் பதினைந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்டில்ட் பார்க்கிங்கைச் சுற்றி நடக்கலாம். நான் அப்படித்தான் நடந்தேன், வாட்ச்மேன் அண்ணன் சாட்சி. விடுமுறை நாளில் கோவளமோ மாமல்லபுரமோ போனால், சாப்பாட்டுக்கு முன்பு கரையோரம் அரைமணி நடங்கள். முட்டிவலி உள்ளவர்கள் உதிரி மணலைத் தவிர்த்து, ஈரமான, இறுகிய மணலில் நடப்பது நல்லது. 2023-இல் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை கொண்டுவந்தது. நமக்கு முதலில் நம் காம்பவுண்டுக்குள் சுற்றினாலே போதும்.

இதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. செலவு ஒன்றும் இல்லை. வயதாக ஆகத் தசை கரையும். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் இன்னும் வேகமாகக் கரையும்.

இரண்டாவது, மளிகை லிஸ்ட். சமையல்கட்டில் நின்று தினமும் மனதோடு சண்டை போட வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், லிஸ்ட் எழுதும்போதே சண்டையை முடித்துவிடுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் ஒரு லிட்டர் எண்ணெயைக் குறைத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 70 கலோரி அளவுக்குக் குறைகிறது. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்கு மூன்று கிலோ கொழுப்புக்குச் சமம். காகிதக் கணக்குதான், உடல் அவ்வளவு நேராக நடந்துகொள்ளாது. ஆனாலும் திசை புரிகிறது அல்லவா? சர்க்கரையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை, ஒருவருக்கு மட்டும்! திடீரென்று நிறுத்தாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் சமைப்பவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். லிஸ்ட் எழுதும்போது கூட உட்காருங்கள். "இன்னைக்குக் குழம்புல எண்ணெயே மிதக்கலையே" என்று சாப்பிடும்போது சொல்லாதீர்கள்.

மூன்றாவது, தட்டு. சோறு நம் எதிரி இல்லை. அதைத் தட்டில் முதலில் போடுவதுதான் தப்பு. முதலில் பாதித் தட்டைக் காய், கீரை, பொரியலால் நிரப்புங்கள். மீதியில் ஒரு பாதி பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று. மிச்ச இடத்தில் சோறு. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் காய் ஆகாது. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மீனுக்குப் பஞ்சமில்லை. நாலு நாள் பொரித்தால் இனி ஒரு நாள் பொரியுங்கள், மூன்று நாள் குழம்பு வையுங்கள். மாலை நாலு மணிப் பசிக்குப் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். அரைமணி நடையில் செலவாகும் கலோரியை ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் சேர்ந்து ஏறக்குறைய திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் நடையை மட்டும் நம்பி எடை குறைவதில்லை. வெளியே சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஃபேக்குப் பதில் தேவையானதை ஆர்டர் செய்து சாப்பிடுங்கள்.

நாலாவது, துணை. இதுவும் நம் பக்கத்து ஆய்வுதான். அதே டாக்டர் ராமச்சந்திரன் குழு, தென்னிந்தியாவில் வேலை பார்க்கும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோரும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். பாதிப் பேருக்குச் சாப்பாடு, நடை பற்றி மொபைலில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 2013-இல் வெளியான முடிவு, இரண்டு வருடத்தில் குறுஞ்செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது என்கிறது. வெறும் குறுஞ்செய்தி! நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு எத்தனை குட்மார்னிங் படம் வருகிறது? அதில் ஒன்றை "இன்று நடந்தாச்சா?" என்று மாற்றினால் போதும். இன்னும் நல்லது, ஆளுக்கு ஒரு ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏழாவது மாடி அக்கா ஜோடி. அவர் கீழே காத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நான் எழுந்த நாட்கள் நிறைய.

ஒரு நாள் தவறும். கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், பொங்கல் வரும். தவறிய நாளுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். எனக்கு நானே வைத்திருக்கும் விதி ஒன்றுதான். ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக் கூடாது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதத்தில் 82 கிலோவிலிருந்து 76.5. நடுவில் இரண்டு மாதம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. ஆனால் புடவை கட்டும்போது கொசுவம் இரண்டு கூடியது. அதுவே எனக்குத் தைரியம் கொடுத்தது. இப்போது ஹெச்பிஏ1சி 5.8. முழுதாகத் தப்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், தள்ளிப் போட்டிருக்கிறேன்.

சில எச்சரிக்கைகள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். இதய நோய் உள்ளவர்களும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். முயற்சி ஏதுமில்லாமல் எடை குறைந்தாலும் டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, பிள்ளைகளை "குண்டு" என்று கூப்பிடாதீர்கள். கேலியால் யாரும் மெலிந்ததில்லை, ஒளிந்து சாப்பிடத்தான் கற்றுக்கொள்வார்கள்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நடைபாதையில் நிற்கும் பைக்குகளை எடுக்கச் சொல்லுங்கள், பின்பக்க விளக்கு இரண்டையும் எரிய வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குச் சமோசாவுக்குப் பதில் சுண்டல் போடுங்கள். உபயம் நான்.

கடைசியாக ஓர் அழைப்பு. 90 நாள் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே கிளம்பித் திருக்கழுக்குன்றம் மலையேறப் போகிறோம், நானும் ஏழாவது மாடி அக்காவும். யார் வேண்டுமானாலும் வரலாம். யாருக்கு எத்தனை கிலோ குறைந்தது என்று அங்கே யாரும் கேட்க மாட்டோம். போன முறை நான் உட்கார்ந்த அந்தப் படியை உங்களுக்குக் காட்டுகிறேன். இந்த முறை அதில் உட்காராமல் மேலே போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெயர் கொடுக்க விரும்புவோர் கிளப் ஹவுஸ் நோட்டில் எழுதுங்கள். கூடவே ஜோடியின் பெயரையும் எழுதுங்கள்.