ஜீன்ஸ் பேன்ட்டை வாசிப்போம்

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜீன்ஸ் போட்டிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். முக்கால்வாசிப் பேர். நானும்தான்.

அமெரிக்க வரலாறு என்றதும் வாஷிங்டன், லிங்கன், வெள்ளை மாளிகை என்று தேடப் போகிறோம். இன்றைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாம் போட்டிருக்கும் பேன்ட்டையே கொஞ்சம் வாசிப்போம்.

பாக்கெட்டின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். சின்னதாக ஓர் உலோகக் குமிழ் தட்டுப்படும். அதற்கு ரிவெட் என்று பெயர். நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையல்காரர் இருந்தார். உழைப்பாளிகளின் பேன்ட்டில் பாக்கெட் அடிக்கடி கிழிந்தது. அந்த இடத்தில் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அவருக்குத் துணி அனுப்பிய சான்பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார். டேவிஸ் ரீகாவிலிருந்து வந்தவர், ஸ்ட்ராஸ் பவேரியாவிலிருந்து வந்தவர். இருவரும் யூதர்கள், பிழைக்க வந்தவர்கள்.

நல்ல கதைதான், உண்மையும்கூட. விளம்பரங்களிலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்தக் கதை பாக்கெட்டிலிருந்து தொடங்குகிறது. பாக்கெட்டுக்கு முன்னால் துணி இருக்கிறது, துணிக்கு முன்னால் பருத்தி இருக்கிறது. அந்தப் பருத்தியை யார் பறித்தது? அதை விளம்பரம் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

1794-ல் ஈலை விட்னி என்பவர் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எந்திரம் வந்தால் மனிதரின் பாரம் குறையும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. விதை பிரிப்பது சுலபமானதும் இன்னும் இன்னும் நிலத்தில் பருத்தி போட்டார்கள். பறிக்க இன்னும் கைகள் தேவைப்பட்டன. 1790-ல் அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம் பேர். இத்தனைக்கும் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதற்கு 1808-லேயே தடை வந்துவிட்டது. பிறகு எப்படிக் கூடினார்கள்? அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த குழந்தையும் அடிமை என்பதுதான் அங்கே சட்டம். வர்ஜீனியாவில் தாயைவிட்டுப் பிள்ளையைப் பிரித்து மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக்கு விற்றார்கள். பிறப்பால் ஒருவரின் வேலையை முடிவு செய்வது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உள்நாட்டுப் போர் தொடங்கும் நேரத்தில் அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். வட மாநிலங்கள் அடிமை முறையை ஒழித்துவிட்டன. ஆனால் வடக்கின் ஆலைகள் ஓடியது தெற்கின் பருத்தியில். அந்த ஆலைகள் சிலவற்றில் இன்னொரு துணியும் நெய்தார்கள். முரட்டுத் துணி, மலிவான துணி. சந்தையில் அதன் பெயரே 'நீக்ரோ துணி'. அடிமை பறித்த பருத்தி வடக்கே போய், அடிமைக்கான உடுப்பாகத் திரும்பி வந்தது.

நிறத்துக்கு வருவோம். இந்த நீலம் அவுரியின் நீலம். இன்று ரசாயனத்தில் செய்கிறார்கள். அன்று செடியிலிருந்து எடுத்தார்கள். 1740-களில் தென் கரோலினாவில் அவுரிச் சாகுபடியை வளர்த்தவர் என்று எலைசா லூகாஸ் என்ற பண்ணைக்காரப் பெண்ணின் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. இலை அழுகும் தொட்டிகளின் நாற்றத்தில் நின்று கலக்கியவர்களும், அந்தத் தொழிலின் நுணுக்கம் தெரிந்திருந்தவர்களும் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை.

அதே தென் கரோலினாவில் 1739-ல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை நசுக்கிய ஆண்டைகள் 1740-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைகளுக்கு எழுதக் கற்றுத் தரக் கூடாது என்றது அந்தச் சட்டம். அவர்கள் என்ன துணி உடுத்தலாம் என்றும் பட்டியல் போட்டது. நீக்ரோ துணி, நீல லினன், முரட்டுக் கேலிக்கோ என்று போகிறது பட்டியல். கேலிக்கோ என்பது நம் கோழிக்கோட்டின் பெயரால் வந்த துணி. இவற்றைவிட உயர்ந்த துணியை ஓர் அடிமை உடுத்தினால் காவலர்கள் பறித்துக்கொள்ளலாம்.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் நல்ல சட்டை போட்டால் ஆண்டைக்கு என்ன நட்டம்? பணத்தில் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் யார் மேல், யார் கீழ் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் போனால் ஆதிக்கம் ஆட்டம் காணும். அதனால்தான் எழுத்தையும் துணியையும் ஒரே சட்டத்தில் தடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இராமநாதபுரம் நினைவுக்கு வந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. செருப்பு கூடாது, குடை கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. தோற்றம் வேறு, மதத்தின் துணை வேறு. ஆனால் இரண்டும் உடுப்பைப் பார்த்து ஒரே மாதிரி பயந்தன.

என் தாத்தா ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் துண்டு மறுபடி தோளுக்கு வரும். சின்ன வயதில் அதை நான் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

இந்த உறவை நம்மவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். ரிவெட்டுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1873-ல் பூனாவில் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி'யை வெளியிட்டார். அடிமைத்தனம் என்று பொருள். நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குத் துணை நின்ற அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார். நியூயார்க்கில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1927 டிசம்பரில் மகத்தில் பெண்களிடம் பேசியபோது, தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். பெண்கள் உடனே கட்டும் முறையை மாற்றினார்கள். அண்ணலின் கோட்டும் டையும் இன்றுவரை ஏன் சிலரை உறுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் கைமாறவில்லை. விடுதலையான மக்கள் அதே நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் சிக்கினார்கள். நீல முரட்டுத் துணி அவர்களின் வேலை உடுப்பாகவே இருந்தது. படித்து முன்னேறிய கறுப்பினத்தவர் பலர் அதைத் தொட விரும்பவில்லை. அது அடிமை வாழ்வின் நினைவு. அவர்கள் கோட்டு சூட்டில் வந்தார்கள். அதுவும் போராட்டம்தான்.

1963-ல் பர்மிங்ஹாம் நகரில் இயக்கத்தினர் ஒரு முடிவெடுத்தார்கள். ஈஸ்டருக்குப் புதுத் துணி வாங்குவதில்லை. கறுப்பினத்தவரின் காசை வாங்கிக்கொண்டு அவர்களைச் சமமாக நடத்த மறுக்கும் கடைகளுக்கு ஒரு டாலரும் தருவதில்லை. ஏப்ரல் 12, புனித வெள்ளி. மார்ட்டின் லூதர் கிங் நீல வேலைச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு தடையை மீறி நடந்தார், கைதானார். தெற்கின் கிராமங்களில் வாக்குரிமைக்காக வேலை செய்த மாணவர்களும் ஜீன்ஸுக்கு மாறினார்கள். உழுபவர் வீட்டுத் திண்ணையில் உட்கார அந்த உடுப்புதான் பொருத்தம் என்றார்கள். இழிவின் அடையாளமாகத் திணிக்கப்பட்ட துணியைத் தாங்களே தேர்ந்தெடுத்து உடுத்தினார்கள்.

இப்போது நம் ஊர். ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசியதை நாம் கேட்டிருக்கிறோம். பேசியவர்களின் பிள்ளைகளும் ஜீன்ஸ்தான் போடுகிறார்கள். அவர்களுக்குத் துணி பிரச்சினை இல்லை. யார் போடுகிறார் என்பதுதான் பிரச்சினை. 1740-ன் சட்டமும் 1930-ன் தடையும் இந்தப் பேச்சும் ஒரே குரல்.

ஜீன்ஸ் போட்டால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் இந்தத் துணியைத் தைப்பவர் வேறு, விலையை முடிவு செய்பவர் வேறு. நான் கேட்பது ஒன்றுதான். கையில் இருக்கும் எந்தப் பொருளையும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இதற்கு உழைத்தது யார்? இது யாருக்கு மறுக்கப்பட்டது? மறுப்பை மீறியது யார்? தேநீர்க் கோப்பை, செருப்பு, பறை, சைக்கிள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் முதல் கேள்வியை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் என்ன உடுத்த முடிந்தது, எதை உடுத்தவிடவில்லை என்று. என் தாத்தாவிடம் நான் கேட்காமலே விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டு எழுதி வையுங்கள்.

ஜெய் பீம்.